குழந்தைகளின் இரத்தசோகை: எண்ணிக்கையும் காரணமும்

ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நோயைக் குறித்து எடுக்கப்பட்ட இரு கணக்குகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுமாயின், அவற்றுள் எதனை நம்பித் திட்டம் வகுப்பது? இந்தியக் குழந்தைகளின் இரத்தசோகை பற்றி இன்று எழுந்துள்ள கேள்வி இதுவே. நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2015-16), 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 58.6 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்தாவது ஆய்வில் (2019-21) இது 67.1 சதவீதமாக உயர்ந்தது. இவ்விரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட 2016-18-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ, 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளில் 41 சதவீதத்தினருக்கே இந்நோய் இருப்பதாகக் கண்டது.

இவ்வேறுபாடு புள்ளியியலாருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் பணி, பள்ளி மதிய உணவு, பொது விநியோக அரிசியில் சத்துச் சேர்த்தல் ஆகிய பெருந்திட்டங்கள் இந்த எண்களையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. எண் தவறினால் தேவையும் தவறாக மதிப்பிடப்படும். காரணம் தவறாகக் கொள்ளப்பட்டால் மருந்தும் தவறிப் போகும். அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சிகள் இவ்விரு கூறுகளிலும் புதிய தெளிவைத் தந்துள்ளன.

நோயின் தன்மை

இரத்தத்தின் சிவப்பு அணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே நுரையீரலிலிருந்து பிராணவாயுவை உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் கொண்டு செல்கிறது. இதன் அளவு, வயதுக்கும் பாலுக்கும் உரிய எல்லைக்குக் கீழே குறைவதே இரத்தசோகை எனப்படும். சிவப்பு அணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகிறது. எலும்பு மஜ்ஜை இடைவிடாது புதிய அணுக்களை உண்டாக்கிக் கொண்டிருக்க வேண்டும். இதற்கு இரும்புச்சத்து தேவை. போலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் அதே அளவு இன்றியமையாதவை.

குழந்தைப் பருவத்தில் இந்நோயின் விளைவு சோர்வோடு நின்றுவிடுவதில்லை. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது. அப்போது ஏற்படும் இரும்புக் குறைபாட்டைப் பின்னர் மருந்தால் நீக்கினாலும், கற்கும் திறனில் ஏற்பட்ட பின்னடைவு முற்றிலும் மறைவதில்லை என்பதைக் கோஸ்டா ரிகா நாட்டில் குழந்தைகளை வளரிளம் பருவம் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உணர்த்தின. வளரிளம் பருவத்தில் உடல் விரைவாக வளர்வதால் இரும்புத் தேவை மீண்டும் உயர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. இரத்தசோகையோடு கருவுறும் இளம்பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு மிகுதி. இவ்வாறு ஒரு தலைமுறையின் குறை அடுத்த தலைமுறைக்கும் தொடர்கிறது.

இரு கணக்குகள், இரு முறைகள்

ஆய்வு முடிவுகள் மாறுபட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இரத்தம் எடுக்கப்பட்ட முறை. குடும்ப நல ஆய்வில், பணியாளர் வீட்டிலேயே குழந்தையின் விரலிலோ குதிகாலிலோ குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் ஹீமோகுளோபினை அளந்தார். இம்முறை எளியது, செலவும் குறைவு. ஆனால் துளி எளிதில் வராதபோது விரலை அழுத்துவதால் திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துப் போகக்கூடும். குத்தும் ஆழம், துளியின் அளவு, பணியாளரின் பயிற்சி ஆகிய யாவும் முடிவைப் பாதிக்கும்.

மத்திய சுகாதார அமைச்சகம் யூனிசெப் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு நடத்திய ஊட்டச்சத்து ஆய்வில் சிரையிலிருந்து இரத்தம் எடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் தானியங்கி இயந்திரத்தின் மூலம் அளக்கப்பட்டது. 19 வயது வரையிலான 1,12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 51,000-க்கும் அதிகமானோரிடம் இரத்தம் முதலிய மாதிரிகள் பெறப்பட்டன. அதன்படி 5 முதல் 9 வயதினரில் 24 சதவீதத்தினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 28 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. வளரிளம் பெண்களில் இது 40 சதவீதம். ஆண்களில் 18 சதவீதம்.

இரு ஆய்வுகளின் வயது வரம்பும் ஒன்றல்ல என்பதை இங்கு மனத்திற் கொள்ள வேண்டும். முதல் பிறந்தநாளை எட்டாத குழந்தைகள் பின்னதன் கணக்கில் இல்லை. எனினும், முழு வேறுபாட்டையும் வயதைக் கொண்டே விளக்கிவிட இயலாது.

அளவீட்டில் நேரும் சிறு பிழை ஏன் இவ்வளவு பெரிய மாற்றத்தை விளைவிக்கிறது என்பது மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. ஒரு மாவட்டத்துப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்கள் ஆயிரம் பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். இவ்வயதினருக்கு உரிய எல்லை, டெசிலிட்டருக்கு 12 கிராம். மிகக் குறைந்த அளவோ மிக உயர்ந்த அளவோ உடையவர்கள் சிலரே இருப்பர். பெரும்பான்மையோர் 11-க்கும் 13-க்கும் இடையே, அதாவது எல்லையை ஒட்டியே, திரண்டிருப்பர். கருவி ஒவ்வொருவருக்கும் அரை கிராம் குறைத்துக் காட்டினால், 12.3 கிராம் உள்ள பெண் 11.8 எனப் பதிவாகி நோயாளியாகிவிடுகிறாள். அவளைப் போன்றோர் நூற்றுக்கணக்கில் இருப்பதால் சதவீதம் ஒரேயடியாக உயர்ந்துவிடும். உடல்நிலையில் எந்த மாற்றமும் இல்லாமலே நோய் பெருகியதாகத் தோன்றும் விந்தை இதுதான். உண்மையில் நோய் குறைந்து வருவதையும் இதே பிழை மறைத்துவிடலாம்.

எல்லைக்கோடு எங்கே?

அளக்கும் கருவி சரியாக இருப்பினும், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் நோய் என்ற கேள்வி எஞ்சுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வகுத்த எல்லைகளே சிறு திருத்தங்களுடன் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. அவற்றுக்கு ஆதாரமான ஆய்வுகள் மிகச் சில. இந்தியக் குழந்தைகளைப் பற்றிய செய்தி அவற்றில் போதிய அளவு இல்லை.

இக்குறையை நிரப்பும் முயற்சியாக ஹர்ஷ்பால் சிங் சச்தேவ், அனுரா குர்பாட் முதலிய இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். ஊட்டச்சத்து ஆய்வில் இரத்தம் அளித்தவர்களுள், இரும்பு, போலேட், பி12 முதலிய குறைபாடுகள், அழற்சி, பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறுகள் ஆகியவை இல்லாத 8,087 பேரை மட்டும் தெரிந்தெடுத்து, நலமுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கணக்கிட்டனர். கிடைத்த எல்லைகள் உலக நிறுவனத்தின் எல்லைகளைவிடப் பெரும்பாலும் 1 முதல் 2 கிராம் வரை குறைவாக இருந்தன. பழைய எல்லைகளின்படி 1 முதல் 19 வயதினரில் 30 சதவீதமாக இருந்த இரத்தசோகை, புதிய எல்லைகளின்படி 10.8 சதவீதமாகிறது.

இம்முடிவு விவாதத்துக்கு உரியதாயிற்று. குறைவான உணவிலேயே வளரும் ஒரு சமுதாயத்தில் குறிப்பிட்ட சில குறைகள் இல்லாதவர்களை முழு நலம் உடையவர்கள் எனக் கொள்ளலாமா என்பது ஒரு சாராரின் ஐயம். நோயில்லாத குழந்தையை நோயாளி எனக் கணக்கிட்டு மேலும் மேலும் இரும்பு ஊட்டுவது முறையா என்பது மறுசாராரின் கேள்வி. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, நாட்டுக்கு ஒரு எல்லை என்ற முறையை ஏற்கவில்லை. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான எல்லையை மட்டும் 11-இலிருந்து 10.5 கிராமாகக் குறைத்தது. ஆனால் அளவீட்டைப் பொறுத்தவரை அதன் கருத்து ஐயத்துக்கு இடமற்றது: சிரை இரத்தம், தானியங்கி இயந்திரம், தரக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் வேண்டும் என அது பரிந்துரைத்தது.

இந்தியாவிலும் இத்திசையில் மாற்றம் ஏற்பட்டுள்ளது. ஆறாவது குடும்ப நல ஆய்வில் (2023-24) இரத்தசோகைச் சோதனை சேர்க்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் உணவு மற்றும் உயிர்க்குறியீட்டு ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. இதில் சிரை இரத்தமே சோதிக்கப்படுகிறது.

இரும்பு மட்டுமா காரணம்?

இரத்தசோகை என்றதும் இரும்புக் குறைபாடு எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். ஊட்டச்சத்து ஆய்வு இவ்வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 1 முதல் 4 வயதினரில் 32 சதவீதத்தினருக்கும், 5 முதல் 9 வயதினரில் 17 சதவீதத்தினருக்கும், வளரிளம் பருவத்தினரில் 22 சதவீதத்தினருக்கும் இரும்புக் குறைபாடு இருந்தது. வளரிளம் பருவத்தினரில் போலேட் குறைபாடு 37 சதவீதத்தினரிடமும், பி12 குறைபாடு 31 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆகவே சிறு குழந்தைகளிடம் இரும்புக் குறைபாடு முதன்மைக் காரணமாக இருப்பினும், வயது ஏற ஏற மற்ற இரு சத்துக்களின் குறைபாடு அதற்கு இணையாக வளர்ந்துவிடுகிறது. இவற்றுள் எந்தக் குறைபாடும் இல்லாமலே இரத்தசோகை உடையவர்களும் கணிசமாக உள்ளனர்.

மற்றொரு முடிவு மேலும் சிந்திக்கத் தக்கது. இரும்புக் குறைபாடு கிராமத்தைவிட நகரத்திலும், ஏழைக் குடும்பங்களைவிட வசதியான குடும்பங்களிலும் மிகுதியாகக் காணப்பட்டது. இரத்தசோகையோ ஏழைக் குடும்பங்களிலேயே அதிகம். இரும்பு ஒன்றே காரணமாயின் இவ்வாறு நேராது. இரும்பு உடலில் இருந்தும் அதை ஹீமோகுளோபினாக மாற்ற இயலாத நிலை ஏழைக் குழந்தைகளிடம் இருப்பதையே இது சுட்டுகிறது. பிற சத்துக்களின் குறை, அடிக்கடி வரும் தொற்றுநோய், தூய்மைக் குறைவு ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

இரும்பு மட்டுமே காரணம் அல்ல என்னும் பாடத்தின் முதல் அத்தியாயம் இந்தியாவிலேயே எழுதப்பட்டது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நெசவாலைப் பெண் தொழிலாளர்களிடையே கருவுற்ற காலத்தில் தோன்றிய கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அவர் பணி தொடர்ந்தது. மலிவான ஈஸ்ட் சாறு இந்நோயைக் குணப்படுத்துவதை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் அடங்கிய சத்தே பின்னர்ப் போலேட் என அறியப்பட்டது. 1941-இல் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்ற பெயரைப் பெற்றது.

மாத்திரையின் பயனும் வரம்பும்

இந்தியாவில் ஊட்டச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. பள்ளி மாணவர்க்கு வாரம் ஒரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் தொடங்கப்பட்ட இரத்தசோகையற்ற இந்தியா இயக்கம், இந்நோயை ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளிகள் வீதம் குறைப்பதை இலக்காகக் கொண்டது. அதன்படி 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு 20 மில்லிகிராம் இரும்பு அடங்கிய திரவ மருந்து வாரம் இருமுறையும், 5 முதல் 9 வயதினருக்கு 45 மில்லிகிராம் மாத்திரை வாரம் ஒருமுறையும், 10 முதல் 19 வயதினருக்கு 60 மில்லிகிராம் மாத்திரை வாரம் ஒருமுறையும் வழங்கப்படுகின்றன. இவற்றோடு போலிக் அமிலமும் சேர்க்கப்பட்டுள்ளது. பி12 இம்மாத்திரையில் இல்லை.

இரும்புக் குறைபாடு உள்ளவருக்கு இம்மருந்து பயன் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவுக்கு மேல் ஊட்டுவதால் பயன் மிகுவதில்லை. ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் கல்லீரலில் சுரந்து, குடலிலிருந்து இரும்பு உட்கொள்ளப்படுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு வேளை மருந்து உட்கொண்டதும் அது உயர்ந்து, அடுத்த நாள் மருந்தின் உட்கிரகிப்பைக் குறைத்துவிடுகிறது. இரும்புக் குறைபாடுள்ள இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் தருவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதே அதிக இரும்பை உடலில் சேர்த்தது. தொற்றுநோயும் ஹெப்சிடினை உயர்த்தும். எனவே அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காணும் குழந்தைக்குத் தரும் இரும்பின் ஒரு பகுதி வீணாகிறது.

இரும்பால் தீங்கு நேரும் சூழ்நிலையும் உண்டு. மலேரியா மிகுந்த சான்சிபாரின் பெம்பா தீவில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் தினந்தோறும் தரப்பட்டன. கடும் நோயும் இறப்பும் மற்றக் குழந்தைகளைவிட 12 சதவீதம் மிகுந்ததால் அவ்வகை மருந்து தருவது இடையில் நிறுத்தப்பட்டது. 2006-இல் வெளியான இவ்வாய்வுக்குப் பின், மலேரியாத் தடுப்பு இல்லாத இடத்தில் பொதுவாக இரும்பு வழங்குவதில் எச்சரிக்கை தேவை என உணரப்பட்டது.

எனினும், இவற்றைக் கொண்டு மாத்திரையே வேண்டாம் என முடிவு கட்டுவது பெருந்தவறாகும். பத்து வளரிளம் பருவத்தினரில் இருவருக்கு மேல் இரும்புக் குறைபாடு உடையவர்கள். எல்லையைக் குறைத்துக் கணக்கிட்டாலும் பத்தில் ஒரு குழந்தைக்கு இரத்தசோகை எஞ்சுகிறது. மாத்திரை தேவை, அது மட்டும் போதாது என்பதே ஆராய்ச்சிகள் தரும் முடிவு.

உணவும் பிற காரணங்களும்

இந்தியக் குழந்தையின் உணவில் இரும்பு அறவே இல்லை என்று கூறவியலாது. தானியங்களிலும் பருப்புகளிலும் கீரைகளிலும் அது உண்டு. ஆனால் தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருளும் தேநீரிலுள்ள டானினும் அது உடலில் சேராமல் தடுக்கின்றன. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி இத்தடையை நீக்க உதவுகிறது. ஆகவே உணவோடு தேநீர் அருந்துவதை விடுத்து, சிறிது எலுமிச்சைச் சாறோ பழமோ சேர்ப்பது செலவின்றிப் பயன் தரும். நீடித்த கொதியில் போலேட் அழிவதால் கீரையை அதிகம் வேகவைக்கக் கூடாது. பி12 இயற்கையில் பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே கிடைக்கிறது. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே வழி. அவற்றை வாங்க இயலாத குடும்பத்தின் குழந்தை இச்சத்தை முற்றிலும் இழக்கிறது. பள்ளி மதிய உணவில் முட்டையோ பாலோ சேர்ப்பது இவ்வகையில் மருந்துக்கு நிகரான நடவடிக்கையாகும்.

பிறப்பின்போதே செய்யத்தக்க எளிய பணியும் ஒன்று உண்டு. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் சில நிமிடங்கள் தாழ்த்திக் கட்டினால், நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தையைச் சேர்ந்து, முதல் மாதங்களுக்கு வேண்டிய இரும்புச் சேமிப்பு உயர்கிறது.

உணவு சாராத காரணங்களையும் தேட வேண்டும். கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுகிறது; இதனை ஒழிக்க 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. மலேரியா சிவப்பு அணுக்களை அழிக்கிறது. தலசீமியாவும், பழங்குடி மக்களிடையே மிகுந்து காணப்படும் அரிவாள் செல் நோயும் பரம்பரைக் கோளாறுகள்; இரும்பு மாத்திரையால் இவை தீரா. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கும் குறிக்கோளுடையது.

நிர்வாகத்துக்கு உரிய பாடங்கள்

மேற்கண்ட ஆராய்ச்சிகளிலிருந்து திட்டங்களை நடத்துவோர் கருத்திற் கொள்ளத்தக்க செய்திகள் நான்கு.

முதலாவது, இரத்தசோகை பற்றிய எந்த எண்ணையும் அது அளக்கப்பட்ட முறையோடு சேர்த்தே படிக்க வேண்டும். விரல் துளியில் எடுத்த கணக்கைச் சிரை இரத்தக் கணக்கோடு ஒப்பிட்டு, ஒரு மாநிலம் முன்னேறியது அல்லது பின்தங்கியது எனக் கூறுவது பொருந்தாது.

இரண்டாவது, வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை நலத்தின் அளவாகாது. பெட்டியிலிருந்து வெளியேறிய மாத்திரை குழந்தையின் வாயைச் சேர்ந்ததா, வயிற்றுக் கலக்கத்தால் கைவிடப்பட்டதா என்பதையும் கண்காணிக்க வேண்டும். உணவுக்குப் பின் ஆசிரியரின் முன்னிலையில் உட்கொள்ளச் செய்வது இதன் பொருட்டே.

மூன்றாவது, முறையாக மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் உயராத குழந்தைக்கு மேலும் இரும்பு தருவதைவிட, பி12 குறைபாடு, புழு, மலேரியா, பரம்பரைக் கோளாறு ஆகியவற்றுக்கான சோதனைக்கு அனுப்புவதே முறை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனை வரை இதற்கான ஏற்பாடு தேவை.

நான்காவது, மாத்திரை, செறிவூட்டிய அரிசி, செறிவூட்டிய உப்பு எனப் பல வழிகளில் ஒரே குழந்தைக்கு இரும்பு சென்று சேரும் நிலையில், மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்பதை ஒரே இடத்தில் கணக்கிட வேண்டும். ஒரு துறையின் பணியை மற்றொரு துறை அறியாதிருப்பதால் ஒரு பகுதிக் குழந்தைக்கு மிகுதியும், மற்றொரு பகுதிக் குழந்தைக்குக் குறைவும் நேரக்கூடாது.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரும்பு மாத்திரை வழங்கிவரும் நாட்டில் இரத்தசோகை இன்னும் பெருமளவில் நீடிப்பது, முயற்சி போதவில்லை என்பதை மட்டும் காட்டவில்லை. அம்முயற்சி ஒரே காரணத்தை நோக்கியே சென்றது என்பதையும் காட்டுகிறது. சரியாக அளந்து, காரணத்தை அறிந்து, உணவு, மருந்து, தூய்மை, நோய்த்தடுப்பு ஆகிய நான்கையும் இணைத்துச் செயற்பட்டால்தான், வகுப்பறையில் சோர்ந்து அமர்ந்திருக்கும் குழந்தைக்கு இத்திட்டங்களின் பயன் சென்று சேரும்.